மூவரும் நேரில் வரவும்

தமிழ்நாட்டின் மிகப் பெரிய திறமூலத் திட்டம் பண்ருட்டியில் தொடங்கியது. காரணம், வயிற்றுவலி.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து பெங்களூரில் கோடு எழுதும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் ஒரே புலம்பல்: "எல்லாரும் யூஸ் பண்ற சாஃப்ட்வேர் சார், எழுதினவர் ஆளையே காணோம். மெயில் போட்டா பதில் இல்ல. பாஸ்வேர்டு அவர்கிட்ட. இனிமே யார் பார்த்துக்கிறது?" இந்த வழக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நடந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. வாதி பிரதிவாதி இரண்டு தரப்பும் கடலூர் மாவட்டம்தான்.

ஏழாம் நூற்றாண்டு. பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர். அக்கா திலகவதி, தம்பி மருள்நீக்கி. அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். பெற்றோரும் போய்விட்டார்கள். தானும் உயிரை விடுவதாக அக்கா கிளம்ப, தம்பி காலில் விழுந்து அழுது தடுத்தான். சரி, தம்பிக்காக இருப்போம் என்று அவள் இருந்தாள். தம்பி என்ன செய்தான்? வளர்ந்ததும் சமண சமயத்துக்குப் போய்விட்டான். போன இடம் பாடலிபுத்திரம், அதாவது இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அங்கே தருமசேனர் என்ற பெயரோடு தலைமைப் பதவிக்கே உயர்ந்தான். அக்கா திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து சேர்ந்தாள். விடியுமுன் கோயிலைக் கூட்டுவாள், மெழுகுவாள், பூப்பறித்து மாலை கட்டுவாள். யாரும் அவளுக்குப் பதவி கொடுக்கவில்லை. பெரியபுராணம் எழுதிய சேக்கிழார்கூட இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தம்பி புராணத்துக்குத்தான் 400-க்கும் மேற்பட்ட பாட்டு. பராமரிப்பு வேலை செய்கிறவர்களுக்கு அன்றைக்கும் அவ்வளவுதான் மரியாதை.

அப்புறம் தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. மந்திரம், மயிற்பீலி, தண்ணீர் எல்லாம் ஓதிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. அவர் தன் சமையல்காரனை அக்காவிடம் தூது விட்டார். பெரிய பதவிக்காரர் வரச் சொல்கிறார் என்றதும் அக்கா ஓடி வரவில்லை. அந்த இடத்துக்கு நான் வரமாட்டேன் போ என்று சொல்லியனுப்பிவிட்டாள். வேறு வழியில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக, உடுத்த பாயையும் உறியில் தொங்கிய குண்டிகையையும் மயிற்பீலியையும் அங்கேயே போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி சுற்றிக்கொண்டு திருவதிகைக்கு நடந்தார். ஐடி கார்டு, லேப்டாப், சார்ஜர் எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிற ஆள் இன்றும் உண்டு. அக்கா திருநீறு கொடுத்தாள். தம்பி சந்நிதியில் நின்று முதல் பதிகம் பாடினார். வலி போயிற்று. பெயரும் திருநாவுக்கரசர் என்று மாறியது.

ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட விதத்தையும் சேக்கிழார் எழுதியிருக்கிறார்: ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாய், பிறகு நஞ்சு, பிறகு யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டது. அந்தக் கல் மிதந்துவந்து கரை ஏறிய இடம் அதே திருப்பாதிரிப்புலியூர். இத்தனையும் ஒரு தரப்பு எழுதிய வரலாறு. மற்ற தரப்பின் குறிப்பு நம் கைக்கு வரவில்லை. கதையின் முடிவில் பல்லவ மன்னன் மனம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினானாம். பழைய திட்டத்தைக் கலைத்துவிட்டு அதன் சாமானை வைத்தே புதிய திட்டம் போடும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை.

அப்பர் என்று நாம் அழைக்கும் அந்தத் திருநாவுக்கரசரின் செப்புத்திருமேனியை எந்தச் சிவன் கோயிலிலும் பாருங்கள். சுந்தரர் மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பார், சம்பந்தர் குழந்தையாக இருப்பார். அப்பர் மட்டும் தோளில் ஒரு கருவியைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். உழவாரம். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்குகிற கருவி. ஊர் ஊராகப் போய் பாட்டு மட்டும் எழுதிவிட்டு அவர் போகவில்லை, பாடிய இடத்தில் புல்லும் செதுக்கினார். புது வசதி சேர்க்க நூறு பேர் கியூவில் நிற்பார்கள். பழைய பிழையைத் திருத்த ஒருவர் வந்தால் பெரிது. அந்த ஒருவருக்கு நாயனார் பட்டமே கொடுத்த மதம் சைவம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். (அக்காவுக்குக் கொடுக்கவில்லை. அறுபத்துமூவர் பட்டியலில் திலகவதியார் பெயர் இல்லை. பழுது பார்ப்பவரைப் பாராட்டுவதிலும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்.)

இரண்டாமவர் சம்பந்தர் வேறு ரகம். ஒரு டெம்ப்ளேட் வைத்திருந்தார். பதிகத்தின் எட்டாம் பாட்டில் பெரும்பாலும் ராவணன் மலைக்கடியில் நசுங்குவான். ஒன்பதாம் பாட்டில் பிரம்மாவும் திருமாலும் அடிமுடி தேடிக் களைப்பார்கள். பத்தில் சமணருக்கும் பௌத்தருக்கும் வசவு. கடைசிப் பாட்டில் சொந்த ஊர், சொந்தப் பெயர், பாடினால் என்ன பலன். யார் எழுதியது என்று எவரும் தேடி அலைய வேண்டாம், கையெழுத்து உள்ளேயே இருக்கிறது. நிரலுக்கு மேலே தன் பெயரைப் போட்டு வைக்கும் ஒழுங்கான ஆசாமி.

மூன்றாமவர் சுந்தரர் வந்தபோதுதான் திட்டத்தில் முதல் சிக்கல். அவரும் பக்கத்து ஊர்க்காரர், திருநாவலூர். கல்யாணத்தன்று கிழவர் ஒருவர் ஓலையைக் காட்டி நீ எனக்கு அடிமை என்று வழக்குப் போட்டுத் தடுத்தாட்கொண்டது திருவெண்ணெய்நல்லூரில். அங்கிருந்து சில நாளில் திருவதிகை எல்லைக்கு வந்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ஏன்? அப்பர் கையால் உழவாரம் செய்த மண், அதை நான் காலால் மிதிப்பதா? ஊருக்கு வெளியே சித்தவடமடம் என்ற மடத்தில் படுத்துக்கொண்டார்.

ராத்திரி ஒரு கிழவர் வந்து பக்கத்தில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கால் சுந்தரர் தலைமேல். "என்ன ஐயா, காலைத் தலையில் வைக்கிறீர்?" "வயசாயிட்டுதப்பா, திசை தெரியல." சுந்தரர் எழுந்து தலையை வேறு பக்கம் மாற்றிப் படுத்தார். கால் அங்கேயும் வந்தது. திரும்பவும் மாறிப் படுத்தார், திரும்பவும் கால். இனி பொறுக்க முடியாது என்று எழுந்து, "இத்தனை தரம் மிதிக்கிற நீர் யார்?" என்று கேட்டால், "என்னைத் தெரியவில்லையா உனக்கு?" என்றபடி ஆள் மறைந்துவிட்டார். வந்தது சிவனே என்று சுந்தரருக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்தர்கள் இதைத் திருவடி தீட்சை என்பார்கள், சொல்லட்டும். எனக்கு இதில் தெரிவது வேறு. முன்னவர் தொட்டதை நான் தொடலாமா என்று வாசலிலேயே படுத்துக்கொண்டவனைத் திட்டத்தின் சொந்தக்காரரே தேடி வந்து மிதித்திருக்கிறார். இந்த மிதி கிடைக்காத திட்டங்கள்தான் செத்துப்போகின்றன. ஏளனம் செய்து யாரும் ஒரு நல்ல காரியத்தைக் கொன்றதில்லை. கும்பிட்டே கொன்றிருக்கிறார்கள். அடுத்து நடந்தது அதுதான்.

மூவரும் பாடிய தேவார ஏடுகள் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், ஓர் அறைக்குள் போயின. கதவை மூடி மூவர் கைமுத்திரையும் வைத்தாயிற்று. ஊர்க் கோயில்களில் பாட்டு நின்றுவிடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், நந்திவர்மப் பல்லவன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம், அதாவது இந்தப் பதிகங்கள், பாடுவாருக்கு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் தெரிந்தவன் தெரிந்ததைப் பாடினான். முழுத் தொகுப்பு எங்கே என்றால் யாருக்கும் தெரியாது. அறையைக் காத்தவர்கள் பக்தியோடு காத்தார்கள். திறந்து பார்க்காமல் காத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்வது திருமுறை கண்ட புராணம். எழுதியவர் உமாபதி சிவம் என்பது மரபு, காலம் பதினான்காம் நூற்றாண்டு. அவரே தில்லைவாழ் அந்தணர் குடும்பத்தில் பிறந்து, குரு ஒருவரின் பின்னால் போனதற்காகத் தள்ளிவைக்கப்பட்டவர் என்றும் சொல்வார்கள். ஆக, உள்ளே வேலை பார்த்து வெளியே அனுப்பப்பட்டவர் எழுதிய அறிக்கை இது. அதற்கான சுவையோடுதான் இருக்கும்.

ஏட்டைத் தேடிப் போன மன்னன் பெயரைப் புராணம் அபயகுலசேகரன் என்கிறது. ஊர் வழக்கில் அவன் ராஜராஜன். யாரோ பாடிய ஒன்றிரண்டு பதிகம் காதில் விழுந்து, மிச்சம் எங்கே என்று தேட ஆரம்பித்தான். திருநாரையூரில் நம்பியாண்டார் நம்பி என்று ஒரு பையன், பொல்லாப்பிள்ளையார் அவனோடு பேசுகிறார், வைத்த நைவேத்தியத்தை நிஜமாகவே சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டான். மன்னன் வாழைப்பழம், அவல், எள்ளுருண்டை என்று மலையாகக் கொண்டுபோய்க் குவித்தான். பிள்ளையார் அத்தனையும் காலி செய்துவிட்டுத் தகவல் சொன்னார்: தில்லையில் இருக்கிறது, கைமுத்திரை வைத்த அறை. தகவல் தெரிந்த ஒரே ஆளுக்குத் தின்னக் கொடுத்தால்தான் வாய் திறப்பார் என்பது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான்.

தில்லைக்குப் போனார்கள். அந்தணர்கள் கையை விரித்தார்கள்: "முத்திரை வைத்த மூவரும் வந்தால்தான் திறப்போம்."

இதைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். மூவரும் போய்ச் சேர்ந்து சில நூற்றாண்டு ஆகிவிட்டது. அப்பர் திருப்புகலூரில், சம்பந்தர் தன் கல்யாணப் பந்தலில் தோன்றிய சோதியில் கல்யாணக் கூட்டத்தோடு, சுந்தரர் வெள்ளை யானையில் ஏறிக் கயிலைக்கு. மூவருமே பின்னால் தொடர்புகொள்ள முகவரி விடாமல் போனவர்கள். இருந்தும் விதி விதிதான். ஓய்வூதியதாரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவரையே நேரில் கூட்டிவரச் சொல்லும் ஜன்னல் அன்றே திறந்துவிட்டது.

மன்னன் கத்தியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மூவரின் திருமேனிகளையும் அலங்காரம் செய்து, மேளதாளத்தோடு வீதிவலமாகக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் நிறுத்தினான். மூவரும் வந்துவிட்டார்கள், திறவுங்கள். இதைச் சிலை என்று தட்டிக்கழித்தால், உள்ளே ஆடுகிறவர் யார் என்ற கேள்வி வரும். தில்லையில் நின்றுகொண்டு அதை மட்டும் யாரும் சொல்ல முடியாது. கதவு திறந்தது. ஒரு கொலை இல்லை, ஒரு வழக்கு இல்லை. எதிராளியின் நம்பிக்கையை வைத்தே எதிராளியின் பூட்டைத் திறந்த அந்த மூளைக்கு நான் அடிமை.

உள்ளே ஏடு தெரியவில்லை, புற்றுதான் தெரிந்தது. செல் மண் மூடிக் கிடந்தது. குடம் குடமாக எண்ணெய் ஊற்றி மண்ணைக் கரைத்து, ஏட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி அரித்துப் போயிருந்தது. மன்னன் அழுதான். அப்போது அசரீரி: இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தைச் செல்லரிக்கச் செய்தோம், கவலைப்படாதே. டேட்டாவைத் தொலைத்துவிட்டு, அதெல்லாம் தேவையில்லாத பழைய வெர்ஷன் என்று அறிக்கை விட்ட முதல் நிர்வாகம் ஆகாயத்தில் இருந்திருக்கிறது.

தொலைந்தது எவ்வளவு? புராணக் கணக்கு: சம்பந்தர் 16,000 பதிகம், அப்பர் 49,000, சுந்தரர் 38,000. கூட்டினால் 1,03,000. கிடைத்தது எண்ணூறைத் தொடவில்லை. மனசு பதறுகிறது, சரி. ஆனால் பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மரபுப்படி சுந்தரர் வாழ்ந்தது 18 வருஷம். தொட்டிலில் கிடந்த நாள் முதல் பாடினாலும் நாளைக்கு ஐந்தாறு பதிகம். அவர் பாட ஆரம்பித்ததோ கல்யாண வயதில்! நடுவில் இரண்டு கல்யாணம், நண்பர் சேரமானோடு பயணம், மனைவி பரவையாரோடு ஊடல், அதற்கு இறைவனையே தூது அனுப்பியது என்று வேறு வேலைகளும் இருந்தன. ஆக, அந்த 1,03,000 பயோடேட்டாவில் போடும் எண்ணிக்கை. செல்பூச்சிமேல் இவ்வளவு பெரிய பழியைப் போட வேண்டியதில்லை.

ஏடு கிடைத்தது, பாட்டு ஓடவில்லை. எப்படிப் பாடுவது, எந்தப் பண் என்று சொல்ல ஆளில்லை. ஆவணம் இல்லாத நிரலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். மறுபடியும் மேலிடத்து யோசனை: திருஎருக்கத்தம்புலியூருக்குப் போ. சம்பந்தரோடு கூடவே நடந்து யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. இன்றைக்கு ராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலம் பக்கம். நெய்வேலியிலிருந்து பைக்கில் போய்வரலாம். அந்தப் பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணுக்குப் பண் தெரிந்திருந்தது. அவள் வந்து பாடிக் காட்டினாள், பண்முறை வகுக்கப்பட்டது. புராணத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. பூட்டிய அறையில் பாதுகாத்த ஏட்டைச் செல் தின்றது. பாதுகாப்பே இல்லாத பாணர் வீட்டில் பாட்டு பிழைத்துக் கிடந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் அதைத் தினமும் பாடினார்கள்.

இதுவரை புராணம். இனிமேல் கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தான், உடுக்கைக்கும் மத்தளத்துக்கும் இன்னும் இரண்டு பேர். ஆளுக்கு நாளைக்கு மூன்று குறுணி நெல். அதோடு நிற்காமல் கல்லில் ஒரு ஷரத்தும் வெட்டினான். பாடுகிறவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த நெல்லை வாங்கிக்கொண்டு பாட வேண்டும். உறவினருக்குப் பாட வராதா? பாட வருகிற ஆளை அவர் நியமிக்க வேண்டும். உறவினரே இல்லையா? மற்றப் பாடகர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். உலகத்தில் கோடிக்கணக்கான கணினிகளைத் தாங்கும் எத்தனையோ மென்பொருளுக்கு இந்த மூன்று வரி இன்றுவரை கிடையாது. கூலியும் கிடையாது.

இல்லாததால் என்ன ஆகிறது? 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்று ஒரு சின்னப் பொதி. வாரத்துக்கு இருபது லட்சம் தரம் போல இறக்கப்பட்டது. எழுதிய டொமினிக் டார் அதைப் பயன்படுத்துவதை எப்போதோ விட்டுவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர், நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று மெயில் போட்டார். இவரும் சரி என்று கொடுத்துவிட்டார். வந்த புண்ணியவான் பிட்காயின் பர்ஸைத் திருடும் நிரலை உள்ளே வைத்தார். அடுத்தது எக்ஸ்இசட், லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கிற சுருக்கிக் கட்டும் கருவி. பல வருஷம் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்த லாசே காலின் களைத்துப்போயிருந்த நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காக வேலை செய்தார். கூடவே வேறு சில பெயர்களில், ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு ஆளிடம் கொடுங்களேன் என்று நச்சரிப்பு. சாவி கைமாறியது. 2024 மார்ச் மாதம், ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவப்போய்த்தான் பின்வாசல் வைத்திருந்தது தெரிந்தது. ஜியா டான் யார் என்று இன்றுவரை தெரியாது.

இதைப் படித்த அன்று தில்லைவாழ் அந்தணர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி இறங்கியது. யார் கேட்டாலும் சாவி தரமாட்டோம், சம்பந்தப்பட்டவரை நேரில் கூட்டிவா என்றதில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. மீதிப் பாதிக் கோபம் இறங்காது. சாவியைக் காத்தவர்கள் நடுவில் ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம்.

கதவு திறந்ததோடு வழக்கு முடிந்ததா என்றால், தில்லையில் வழக்கு எப்போது முடிந்தது? சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடலாமா கூடாதா என்ற தகராறு நம் காலம்வரை நீண்டது. 2008-ல் தமிழக அரசு ஆணை போட்டது. மார்ச் 2-ம் தேதி, சிவனடியார் ஆறுமுகசாமி போலீஸ் பாதுகாப்போடு போனார், தள்ளுமுள்ளும் நடந்தது. மன்னன் சிலைகளோடும் மேளத்தோடும் போன இடத்துக்கு ஜனநாயகம் லத்தியோடு போயிற்று. 2014-ல் உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகம் தில்லை அந்தணர்களான தீட்சிதர்களுக்கே என்று தீர்ப்புச் சொன்னது தனிக் கதை.

கண்டெடுத்த பதிகங்களை மன்னன் செப்பேட்டில் எழுதி வைக்கச் செய்தான் என்றும் புராணம் சொல்கிறது. ஏடு செல்லரித்துப் பட்ட பாடு அப்படி. அந்தச் செப்பேடு எங்கே போயிற்று என்று கேட்டவர்களை நான் சிரித்து அனுப்பியதுண்டு. 2023 ஏப்ரலில், கும்பாபிஷேக வேலை நடந்த சீர்காழி சட்டைநாதர் கோயிலில், யாகசாலைக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளோடு 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகள் வெளியே வந்தன. மன்னன் எழுதுவித்தது அதுதான் என்று யாரும் சொல்ல வேண்டாம். யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ பேக்கப் எடுத்து, பத்திரமாகப் புதைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று ஒருவரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார்.